பாளையங்கோட்டையில் உலகப் போர் வகுப்பு: ஒரு மதிப்புரை

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு முதல் தாளில் இரண்டு உலகப் போர்களும் பாடமாக இருக்கின்றன. அவற்றைத் தமிழில் முறையாகக் கேட்டுப் படிக்க விரும்பும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் சென்னைக்கே வண்டி ஏற வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பயிற்சி மையம் வார இறுதி நாட்களில் இதற்கென வகுப்பு நடத்துகிறது என்று அறிந்து, அதில் சேர்ந்து முழுப் பாடத்தையும் கேட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பேருந்து பிடித்து வர எண்ணுவோர், தங்கள் பணத்துக்கும் நேரத்துக்கும் இது ஈடாகுமா என்று முடிவு செய்ய இம்மதிப்புரை உதவட்டும்.

போருக்கான காரணங்களை அங்கே நடத்துகிற விதத்துக்காகவே கட்டணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். ஹிட்லர் என்ற ஒரு மனிதரின் வெறியிலிருந்து இரண்டாம் உலகப் போரைத் தொடங்கும் பழக்கத்தை அந்த ஆசிரியர் முதல் வகுப்பிலேயே உடைத்துவிடுகிறார். கரும்பலகையின் இடது ஓரத்தில் 1919 ஜூன் 28 என்று, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்துகொண்ட வெர்சாய் உடன்படிக்கையின் நாளை எழுதி, போரின் பழியை ஜெர்மனியின் மேல் சுமத்திய 231-ஆம் பிரிவை விளக்கி, அதன் கீழே 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4,20,000 கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்த நிலையை எண்ணால் எழுதிக் காட்டினார். அத்தனை சுழிகளையும் அவர் எழுதி முடிக்கும் வரை வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. பிறகு பலகையின் வலப்பக்கத்தில் ஹிட்லரின் நாஜிக் கட்சி வாங்கிய வாக்குகள் வந்தன: 1928-இல் 3 சதவீதம்கூட இல்லை, 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, ஜெர்மனியில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வேலையிழந்து நின்ற 1932 ஜூலையில் 37 சதவீதம். பணவீக்கம் தணிந்த பிறகும் மக்கள் உடனே அக்கட்சியிடம் போய்விடவில்லை, வேலையின்மைதான் அவர்களைத் தள்ளியது என்பதை இந்த எண்களிலிருந்தே மாணவர்கள் கண்டுகொண்டார்கள். ஜப்பானையும் அவர் இதே பொறுமையோடு நடத்தினார். 1931-இல் மஞ்சூரியாவில் தொடங்கி, 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெய் தர மறுத்தது வரை வந்து, எண்ணெய்க்காகத் தென்கிழக்கு ஆசியாவைப் பிடிக்க முடிவு செய்த நாடு அமெரிக்கக் கடற்படை நின்ற பேர்ல் துறைமுகத்தை ஏன் முதலில் தாக்கியது என்று அவர் விளக்கியது தெளிவின் உச்சம்.

அச்சிட்டுத் தருகிற மெட்டீரியல் இந்தத் தரத்தில் இல்லை. ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்த நாள் 1914 ஜூன் 28 என்று அதில் இருக்கிறது. அது சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். போர் அறிவிப்பு வந்தது ஜூலை 28-இல். இதை வெறும் அச்சுப்பிழை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. கொலைக்கும் போருக்கும் இடையில் ஒரு மாதம் இருந்தது, அந்த மாதத்தில் ஒவ்வொரு தலைநகரிலும் நிறுத்த முடிந்தவர்கள் இருந்தார்கள் என்பதுதானே முதல் உலகப் போரின் ஆகப் பெரிய துயரம்? அந்த ஒரு மாதத்தைத் தொலைத்துவிட்டுப் படிக்கிற மாணவனுக்குப் போர் ஏதோ தானாக வெடித்தது போலத்தான் தோன்றும்.

போர் நடந்த விதத்தைச் சொல்லும் பகுதி வேகமாக ஓடுகிறது. ஸ்டாலின்கிராட், நார்மண்டிச் சண்டைகள் போதிய அளவு வந்தன. ஆனால் 1942-ஐ ஐரோப்பாவுக்குள்ளேயே வைத்து முடித்துவிட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் நடக்கும் வகுப்பில் இது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் பிழைக்கப் போயிருந்த சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-இல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சில் பர்மாவின் தலைநகர் ரங்கூன் விழுந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்ப முயன்றார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். நம் ஊர்க்காரர்கள் கடை வைத்திருந்த கொழும்பில் ஏப்ரல் 5-இல் குண்டு விழுந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். பர்மா அரிசி வரத்து நின்றுபோனது சென்னை மாகாணத்தின் அடுப்பு வரை எட்டியது. அதே ஆண்டு ‘வெள்ளையனே வெளியேறு’ என்று எழுந்த ஆகஸ்ட் புரட்சியின்போது, அன்று நம் மாவட்டத்தில் இருந்த குலசேகரப்பட்டினத்தில் உப்பு அதிகாரி லோன் கொல்லப்பட்டார். மக்களைக் கேட்காமலேயே 1939-இல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்ட அரசின்மேல் எழுந்த கோபத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நிகழ்ச்சி விளங்கும். இவற்றில் ஒன்றுகூட வகுப்பில் வரவில்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தாத்தா ஒருவரைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்த அறையில் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

விளைவுகளைப் பற்றிய வகுப்புகள் நிறைவானவை. ஐக்கிய நாடுகள் சபை, பனிப்போர் ஆகியவற்றைச் சுருக்கமாக முடித்துவிட்டு, டெல்லி செங்கோட்டையில் நடந்த இந்திய தேசிய ராணுவ விசாரணையிலும் 1946 பிப்ரவரியின் கடற்படைக் கிளர்ச்சியிலும் ஆசிரியர் நெடுநேரம் நின்றார். சுமார் 25 லட்சம் பேராகப் பெருகியிருந்த இந்தியப் படையின் விசுவாசத்தை இனி நம்ப முடியாது என்று ஆங்கிலேயருக்குப் புரிந்த இடம் அதுதான் என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. விடைத்தாள்களை அவரே திருத்தி, ஓரத்தில் கைப்படக் குறிப்பெழுதித் தருவதை இங்கே மட்டுமே கண்டேன்.

தென்கிழக்கு ஆசியப் போர்முனையைத் தனி வகுப்பாக எடுக்க வேண்டும் என்று நானும் உடன் படித்த சிலரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த அணிக்குச் சேர்ப்பதாக மையத்தில் சொல்கிறார்கள். சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே அந்த வகுப்பையும், திருத்திய மெட்டீரியலையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.