ஆர்டி 350-ல 4 வருஷம் சேம்பர் போட்டு ஓட்டின அனுபவம்

என் வண்டி எஸ்கார்ட்ஸ் காலத்து ராஜ்தூத் 350, அதாவது யமஹா ஆர்டி 350-யோட இந்திய வண்டி, அதுல பவர் கம்மியான லோ டார்க் மாடல். வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டைல, கடல் நடந்து போற தூரம். கம்பெனி சைலன்சர் ரெண்டையும் கழட்டி வச்சுட்டு சேம்பர் (நடுவுல வயிறு மாதிரி உப்பி, பின்னாடி குறுகற புகைக் குழாய்) மாட்டி 4 வருஷம், 14,000 கிலோமீட்டர் ஓடியாச்சு. வண்டிய நிறுத்தினதும் பசங்க கேக்கறது "சவுண்டு எப்டிண்ணே இப்டி வருது"ன்னுதான். தம்பிங்களா, சவுண்டுக்காக மட்டும் சேம்பர் போடாதீங்க, டூ ஸ்ட்ரோக்ல அந்த பைப்பும் இன்ஜின்ல ஒரு பாகம்.

சிலிண்டர்ல புகை வெளிய போற ஓட்டை, அதான் போர்ட், திறந்ததும் ஒரு அழுத்த அலை கெளம்புது, கூம்பு விரியற எடத்துல அது உறிஞ்சற அலையா திரும்பி எரிஞ்ச புகைய இழுக்குது, மிச்சம் பின்னாடி குறுகற கூம்புல மோதி திரும்பி வந்து, வெளிய ஓடப் பாத்த புது பெட்ரோல் கலவைய போர்ட் மூடறதுக்குள்ள சிலிண்டருக்குள்ளயே தள்ளிவிடுது. கிழக்கு ஜெர்மனில எம்இசட் கம்பெனி ரேஸ் வண்டிங்கள்ல வால்டர் காடன்ங்கற இன்ஜினியர் 1950கள்ல இதுலயே கெடந்து, 1961-ல வெறும் 125 சிசில 25 குதிரைத்திறன் எடுத்தாரு. அதே வருஷம் அவங்க ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் தப்பிச்சு சுசுகிக்குப் போனாரு, வித்தையும் கூடவே ஜப்பானுக்குப் போயிடுச்சு. ரேஸ் வீரர் அகோஸ்டினி 1974-ல 350 கிளாஸ் உலகப் பட்டம் ஜெயிச்சதும் யமஹா ரெட்டை சிலிண்டர்லதான், அந்தக் காலத்து யமஹா ரேஸ் வண்டி டிஇசட் 350-க்கும் நம்ம ஆர்டிக்கும் ஒரே போர் (சிலிண்டர் அகலம்), ஒரே ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடற தூரம்), 64-க்கு 54 மிமீ. அதனாலதான் இந்த வண்டில சேம்பர் மேல எனக்கு இவ்ளோ ஆச.

ஆனா அலைக்கு நேரம்தான் கணக்கு. புகைக்குள்ள அது செகண்டுக்கு சுமார் 500 மீட்டர் போகுதுன்னு வைங்க, கிராங்க் ஒரு சுத்து 360 டிகிரில போர்ட் 190 டிகிரி திறந்திருந்தா 8500 ஆர்பிஎம்முக்கு 93 சென்டிமீட்டர் நீளம் வேணும், 6500-க்கு 122. ரேஸ்ல ஆர்பிஎம்ம மேலயே வச்சு ஓட்டுவாங்க, கட்டை பைப்பு சரி. நேரு வீதி டிராபிக்ல அந்த பைப்பு போட்டா வண்டி மூச்சு முட்டும், நான் பட்டேன், அப்பறம்தான் நீளமானதா மாத்தினேன்.

அந்த ரெண்டாவது ஜோடிதான் பெரிய தலவலி. ஆர்டர் குடுத்து செஞ்சது, பாக்க கண்ணாடி மாதிரி. காலாப்பட்டு தாண்டி மரக்காணம் வரைக்கும் இழுத்துட்டு வந்து பிளக் கழட்டினா வலது காப்பித்தூள் கலர், இடது வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி, அதாவது அந்தப் பக்கம் சூடு ஜாஸ்தி. கார்ப் கழுவி, ஜெட் மாத்தி, ஒரு மாசம் போச்சு. கடைசில கடலூர் ஓ.டி.ல (பழைய டவுன்) படகு வேல பாக்கற வெல்டிங் அண்ணன்தான் "ரெண்டுலயும் தண்ணி ஊத்திப் பாரு"ன்னாரு. பின்பக்க குழாய கார்க்கு வச்சு அடைச்சு, லிட்டர் கொவளையால அளந்து ஊத்தினோம். இடதுல கால் லிட்டர் கம்மி! அறுத்துப் பாத்தா பின்பக்க குழாயும் உள்ள வெல்டிங் வழிஞ்சு பாதி அடைச்சிருந்துச்சு. அந்தக் குழாய் குறுகினா சூடு வெளிய போகாது, பிஸ்டன் உச்சி உருகி ஓட்ட விழும், இன்னும் ரெண்டு டிரிப் அடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி சேம்பர்ங்கறதால ரெண்டும் ஒண்ணா இருந்தே ஆகணும், வாங்கறப்பவே தண்ணி ஊத்தி அளந்துடுங்க.

தண்ணி இன்னொண்ணும் காட்டிக் குடுத்துச்சு. வலது சேம்பர் வயித்துத் தையல்ல வேர்வை மாதிரி முத்து முத்தா கசிவு. வெளிய பெயிண்ட் அப்படியே இருக்கு, துரு உள்ளேருந்து வந்திருக்கு. சும்மா ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைச்சா உள்ள தண்ணி நிக்கும், சூடாகாம காயாது. இப்ப கெளப்பினா 15 கிலோமீட்டராவது ஓட்டாம நிறுத்தறதில்ல. வெளிய உப்புக் காத்துக்கு, வெதுவெதுப்பா இருக்கப்பவே ஆயில் துணியால ஒரு தொடப்பு.

மைலேஜ் 24-லேருந்து 19 ஆயிடுச்சு. 6000 தாண்டினதும் அந்த இழுப்பு வரும்பாருங்க, அதுக்காக நான் குடுக்கத் தயார். கம்பெனி சைலன்சர வித்துடாதீங்க, எப்சிக்கு வேணும், என்னோடது கிரீஸ் தடவி சாக்குல கட்டி பரண்ல இருக்கு.