மொரிஸ் மைனருக்குக் கார்பெட் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஹட்டன், டிக்கோயா, நுவரெலியாப் பக்கம் மொரிஸ் மைனர், ஒஸ்டின் மாதிரிப் பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். கண்டிப் பக்கம் இருக்கும் ஒரு குஷன் கடையில் எங்கள் காருக்குக் கார்பெட் போட்டோம். பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும், கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் இல்லாமல் நின்றோம். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. தோட்டத்தில் டீமேக்கராக இருந்த காலத்தில் வாங்கியது. மைனர் 1000, 1963 மொடல், 1098 சிசி எஞ்சின், நான்கு கதவு. அப்பா போன பிறகும் அம்மாவைக் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் கூட்டிப் போவது இந்த வண்டிதான். கார்பெட் மட்டும் நைந்து நூலாகிவிட்டது, குதிகால் வைக்கும் இடத்தில் ஓட்டை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளுக்கு மவுசு கூடியதல்லவா, அதோடு பழைய கார் வேலை செய்கிறோம் என்று நிறையப் பேர் கிளம்பினார்கள். இந்தக் கடையும் அப்படிக் கேள்விப்பட்டதுதான். முதலாளி நன்றாகப் பேசினார். ஒரு மாதிரித் துண்டைக் கையில் தந்தார். கனமான, சுருள் நூல் கம்பளிக் கார்பெட். "இங்கிலாந்துச் சாமான் சேர், அடியில சணல் ஃபெல்ட், ஓரமெல்லாம் ரெக்சின் கட்டித் தாறோம்" என்றார். 120,000 ரூபாவுக்குப் பேசி, 70,000 அட்வான்ஸ் கொடுத்தோம். இரண்டு விசயங்களை நான் அழுத்திச் சொன்னேன். தளத்தில் ஒட்டக் கூடாது, பட்டனில்தான் பூட்ட வேண்டும். ஓட்டுநர் காலடியில் உள்ள தகட்டு மூடிக்கு மேல் கார்பெட் தனியாகத் தூக்க வர வேண்டும். "தெரியும் சேர், எத்தனை மைனர் செஞ்சிருக்கோம்" என்றார்.

அந்த மூடியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சின்ன வயது மெக்கானிக்குகள் பலருக்கே இது தெரிவதில்லை. இப்போதைய வண்டிகளில் பிரேக் ஒயில் டப்பா பொனட்டைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியும். மைனரில் அந்த ஒயில் இருக்கும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இருப்பது ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தளத்துக்கு அடியில். ஒயில் பார்க்க வேண்டுமானால் கார்பெட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே ஒயில் லைன். ஓரிடத்தில் ஒழுகி ஒயில் இறங்கினால் நான்கும் சேர்ந்துதான் போகும். மலைநாட்டில் மைனர் ஓட்டுகிறவர்கள் அந்த மூடியை அடிக்கடி திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

வண்டியை எடுக்கப் போன அன்று கார்பெட் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிறம் சரி, ஓரம் சரி. மூடி இருந்த இடத்தில் கையை வைத்தேன். உடனே முதலாளி குறுக்கே வந்து, "கம் இன்னும் காயல்ல சேர், ஒரு வாரம் தூக்கிப் பார்க்காதீங்க, சுருங்கிடும்" என்றார். ஏன் கம் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, ஓரத்தில் மட்டும்தான், மூடிப் பக்கம் பட்டன்தான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பழைய கார்பெட் எங்கே என்றேன். குப்பைக்குப் போய்விட்டதாம். கதவடிப் படியில் இருந்த அலுமினியத் தகடுகள் எங்கே? "அது துருப்பிடிச்சது, வீசிட்டோம்." அலுமினியம் எங்கே துருப் பிடிக்கும்? அந்தத் தகடுகள் அறுபது வருசமாக வண்டியோடு இருந்தவை. மிச்சப் பணத்தைக் கட்டினால்தான் சாவி என்றார்கள். பில் கேட்டதற்குக் கடையின் பெயரில்லாத ஒரு துண்டில் தொகையை எழுதித் தந்தார்கள்.

அப்புறம் மே மாத மழை தொடங்கியது. வட்டவளைப் பக்க மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வண்டிக்குள் ஈர நாய் வாடை அடிக்கத் தொடங்கியது, கண்ணாடி உள்பக்கமாகவே வியர்த்தது. அந்த நாட்களில்தான், ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் மிதி அப்படியே தரைக்குப் போனது. பின் சீட்டில் அம்மா. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்துக் கானோரமாக வண்டியை நிறுத்தினேன். எதிரே பஸ் ஏதும் வரவில்லை, அவ்வளவுதான்.

வந்து பார்த்த எங்கள் மெக்கானிக் அண்ணன் முதலில் மூடியைத் தேடினார். பட்டனும் இல்லை, ஒன்றும் இல்லை. கார்பெட் முழுக்க ரப்பர் கம்மில் ஒட்டியிருந்தது. கத்தியால் சதுரமாக வெட்டித்தான் எடுத்தார். அடியில் சணல் இல்லை, மெத்தைக்குப் போடுகிற மஞ்சள் ஸ்பொன்ச். கையில் எடுத்துப் பிழிந்தார், சாயத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அதற்கும் கீழே மூடியின் மேலேயே தார் பூசியிருந்தார்கள், ஸ்க்ரூத் தலை எதுவும் தெரியவில்லை. சுரண்டித் திறந்தால் சிலிண்டரில் ஒயில் அடிமட்டத்தில். சக்கரத்தில் மெல்லிய ஒழுக்கு. மூடி திறக்க வந்திருந்தால் வீட்டிலேயே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒழுக்கு அது.

பயணி பக்கத்தையும் உரித்தோம். அங்கே தளத்தில் துரு ஓட்டை. அதற்கு மேல் ஒரு தகரத் துண்டை வைத்து, தாரால் மெழுகி, ஸ்பொன்ச் போட்டு மூடியிருந்தார்கள். அண்ணன் விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போனது. மைனருக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. 1948இல் அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் வந்த நாளிலிருந்தே உடம்பும் தளமும் சேர்த்து வெல்டிங் பிடித்த ஒரே கூடுதான். தளம் போனால் வண்டியின் முதுகெலும்பே போகிறது. ஓட்டையைப் பார்த்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலில் தகட்டு வேலை செய்யும் டிங்கரிங் பாஸிடம் கொண்டு போயிருப்போம். அதை மறைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கார்பெட்டும் கம்பளி இல்லை. உங்களுக்குச் சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். எங்களுடையது மெழுகு மாதிரி உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றது. தண்ணீரில் அமுக்கி விட்டாலும் மேலே வந்து மிதந்தது. பொலிப்ரொபிலீன். மண்டபங்களில் விரிக்கும் மலிவுச் சாமான். பொலிப்ரொபிலீனே போட்டாலும் தப்பில்லை, ஈரத்துக்கு நல்லதுதான், விலையும் குறைவு. கம்பளி என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் மோசடி.

அதனால் கொடுக்கிறவர்கள் பழைய கார்பெட்டை நீங்களே கழற்றி வீட்டில் வையுங்கள், எவ்வளவு கிழிந்திருந்தாலும் சரி. புதியதை வெட்ட அதுதான் அச்சு. கதவடித் தகடு, பட்டன், ஸ்க்ரூ எல்லாம் ஒரு டப்பாவில் வீட்டிலேயே இருக்கட்டும். தளம் வெறுமையாக இருக்கும்போது போட்டோ எடுங்கள், துருவைச் சுரண்டி வெல்டிங் முடித்துப் பெயின்ட் அடித்த பிறகே கார்பெட். நடுவே கியர்பொக்ஸ் மேட்டுக்கு முதலில், பிறகு பக்கங்கள், கடைசியில் தரைத் துண்டுகள். மேட்டுத் துண்டும் கழற்ற வர வேண்டும், கியர்பொக்ஸ் மூடி அதற்கடியில்தான் இருக்கிறது. தரைத் துண்டுகளில் கம் ஒரு சொட்டும் வேண்டாம். நம் ஊர் மழைக்கு அவற்றை எடுத்து அடுப்படியில் காயப்போட முடிய வேண்டும். முன் துண்டு பெடலுக்கும் ஹெட்லைட்டைத் தாழ்த்தக் காலால் மிதிக்கும் டிம் சுவிட்சுக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருக்கிறதா என்று உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள். காயவில்லை, தூக்காதே என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைத்தான் முதலில் தூக்க வேண்டும்.

பில் கேட்டு வாங்குங்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. நாங்கள் போட்டோக்கள், தொகை எழுதித் தந்த அந்தத் துண்டு, வெட்டியெடுத்த ஸ்பொன்ச் எல்லாவற்றோடும் கொடுத்திருக்கிறோம்.

அந்தக் கடைக்கு இப்போதும் வண்டிகள் போகின்றன. கண்டிப் பக்கம் அண்மையில் மைனருக்குக் கார்பெட் போட்டவர்கள் யாராக இருந்தாலும், அடுத்த முறை இறக்கத்தில் போகும் முன் ஓட்டுநர் காலடியைத் தூக்கி மூடி திறக்கிறதா என்று பாருங்கள். நான்கு கதவு மைனருக்கான எல்லாத் துண்டுகளுக்கும் தடித்த கடதாசியில் அச்சு வெட்டி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் கேளுங்கள், படி எடுத்துத் தருகிறேன்.