வாலஸின் முதுமைக்காலக் கடிதங்கள்: எப்சிலான் தளமா, மார்ச்சண்டின் தொகுப்பா?

இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்றதும் பலருக்கும் மலாய்த் தீவுகளும் இயற்கைத் தேர்வு பற்றி 1858-இல் டார்வினுக்குப் போன அந்தக் கடிதமும்தான் நினைவுக்கு வரும். எண்பதை நெருங்கிய வயதிலிருந்து மகன் வில்லுக்கும் மகள் வயலட்டுக்கும் அவர் எழுதியவை வேறு ரகம். எழுதிக்கொண்டிருக்கும் புத்தகம், வந்து சேர்ந்த பதக்கம், தோட்டத்துச் செடி, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் ஒரே தாளில் கலந்து கிடக்கும்.

இவற்றைக் காசில்லாமல் படிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியலாளர்களின் கடிதங்களைத் திரட்டித் தரும் எப்சிலான் இணையதளம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தோடு சேர்ந்தது. இன்னொன்று, ஜேம்ஸ் மார்ச்சண்ட் தொகுத்து 1916-இல் இரண்டு தொகுதிகளாக வந்த பழைய புத்தகம். குட்டன்பர்க் தளத்தில் மின்நூலாகக் கிடைக்கிறது. குடும்பக் கடிதங்களுக்கு எப்சிலான்தான் சரி. ஆனால் அதைத் திறப்பதற்கு முன் மார்ச்சண்டின் இரண்டாம் தொகுதியில் ஒரே ஒரு பகுதியைப் படித்துவிட வேண்டும்.

வீட்டு வாழ்க்கை பற்றிய அந்தப் பகுதியை எழுதியவர்கள் வில்லும் வயலட்டுமே. அப்பா வீடு மாற்றிய வரிசை, செடி வளர்ப்பில் இருந்த பித்து, வீட்டுக்குள் அவர் எப்படி இருந்தார் என்பதெல்லாம் அதில் வருகிறது. கடிதங்களில் பாதிப் பேச்சு எதைப் பற்றியது என்பது இதைப் படித்தால்தான் பிடிபடும். முதல் தொகுதி பெரும்பாலும் டார்வினோடு நடந்த கடிதப் போக்குவரத்து. இந்தத் தேடலுக்கு அது வேண்டியதில்லை.

மார்ச்சண்டின் குறை, கத்தரிக்கோல். அந்தக் காலத் தொகுப்பாசிரியர்களுக்கு வழக்கமானதுதான்: அறிவியலும் அரசியலும் நிற்கும், மளிகையும் மருந்தும் போய்விடும். எந்தக் கடிதத்தில் எவ்வளவு போயிற்று என்பது அச்சுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. இல்லற விவரம் தேடுபவருக்கு வெட்டப்பட்ட இடம்தானே முக்கியம்!

இனி எப்சிலான். இதில் ஃபாரடே, ஹென்ஸ்லோ, டிண்டால் என்று பலருடைய கடிதங்களும் ஒரே கிடங்கில் இருக்கின்றன. தேடல் பெட்டியில் வெறுமனே வாலஸ் என்று போட்டால் வெள்ளமாக வரும். அனுப்பியவர், பெற்றவர், ஆண்டு என்ற மூன்றையும் சேர்த்துச் சுருக்குங்கள். டார்வினுக்கும் வாலஸுக்கும் இடையே போன கடிதம் டார்வின் கடிதத் திட்டம், வாலஸ் கடிதத் திட்டம் என்ற இரண்டின் பதிவாகவும் வரக்கூடும் என்பதால், ஒரே கடிதத்தை இரண்டாக எண்ணிவிட வேண்டாம். வாலஸ் திட்டத்தின் ஒவ்வொரு கடிதத்துக்கும் டபிள்யூ-சி-பி (WCP) என்று தொடங்கும் எண் உண்டு. குறிப்பெடுக்கும்போது தேதியைவிட இந்த எண்ணை எழுதி வையுங்கள். தேதி பின்னால் திருத்தப்படலாம்.

பெயர்தான் பெரிய பொறி. வில்லியம் என்று தேடினால் மூன்று பேர் கலந்து வருவார்கள்: 1845-இலேயே இறந்துபோன அண்ணன், பாசி (மாஸ்) வகைகளில் நிபுணரான மாமனார் வில்லியம் மிட்டன், பிறகு மகன். மகனின் முழுப்பெயர் வில்லியம் கிரீனெல் வாலஸ், அதைத் தேர்ந்தெடுங்கள். மனைவி ஆனியைத் தேடுவது இன்னும் சிக்கல். பிள்ளைகளுக்கு எழுதும்போது வாலஸ் அவரைப் பெயர் சொல்வதில்லை, 'மா' என்பார். ஆனி என்று தேடி ஒன்றும் வரவில்லை என்பதற்காக அவரைப் பற்றிப் பேச்சே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வில்லுக்கும் வயலட்டுக்கும் போன கடிதங்களைத் திறந்து வரிவரியாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

சொற்றொடராகத் தேடுவதும் அடிக்கடி கைவிடும். வாலஸ் வேகமாக எழுதுபவர். 'அண்ட்' என்பதற்குக் குறி போடுவார், 'ஷுட்', 'வுட்' போன்ற சொற்களைச் சுருக்குவார். கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்த படியெடுப்பு அதை அப்படியே வைத்திருக்கிறது. பக்கம் மாறும் இடத்தில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் பக்க எண் நுழைவதால், அந்த இடத்தில் தொடர் உடைந்துபோகும். நீளமான தொடரை விட்டு, சுருங்காத ஒரே ஒரு சொல்லை, செடியின் பெயரையோ ஊர்ப் பெயரையோ, போட்டுப் பாருங்கள்.

படியெடுப்பின் தலைப்பில் இருக்கும் நிலைக் குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். பல கடிதங்களில், செப்பனிடப்பட்டது ஆனால் மெய்ப்பு பார்க்கப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். வேலை இன்னும் நடக்கிறது, முடிந்தால் மூலப் படத்தைப் பாருங்கள் என்றும் சொல்லும். நேர்மையான எச்சரிக்கை, பாராட்ட வேண்டியது. ஆனால் பார்க்கச் சொல்லும் படம் எல்லாக் கடிதத்துக்கும் கைக்கெட்டுவதில்லை. என் கணக்கில் இந்தச் சேவைக்கு மதிப்பெண் குறைவது இங்கேதான். விலை, எடை, செடியின் லத்தீன் பெயர் ஆகிய மூன்றையும் மெய்ப்பு பார்க்காத படியெடுப்பை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள்.

தேதி இல்லாத கடிதம் வந்தால் முகவரியைப் பாருங்கள். நட்வுட் காட்டேஜ், கோடால்மிங் என்றிருந்தால் 1881 முதல் 1889 வரை. பார்க்ஸ்டோன் என்றால் 1889-க்கும் 1902-க்கும் இடையே. ஓல்ட் ஆர்ச்சர்ட், பிராட்ஸ்டோன் என்றால் 1902 கடைசியிலிருந்து, அவர் இறந்த 1913 நவம்பர் 7 வரை. பழைய பழத்தோட்டம் இருந்த மனையில் கட்டியதால் வீட்டுக்கு அந்தப் பெயர். எண்பதைத் தொடும் வயதில் மனை தேடி வீடு கட்டக் கிளம்பிய மனிதர்! அந்த மனை தேடும் கடிதங்களே தொகுப்பில் சுவையானவை; 1901, 1902 ஆண்டுகளை வைத்துச் சுருக்கினால் தொடர்ச்சியாகப் படிக்கலாம்.

விருதுகளுக்கு 1908-ஐப் பிடியுங்கள். ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கம் டார்வின்-வாலஸ் பதக்கத்தைத் தங்கத்தில் அவருக்கு மட்டும் தந்தது. ஹூக்கர், ஹெக்கெல், கால்டன் முதலானோருக்கு வெள்ளி. அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் கோப்லி பதக்கம், அரசரின் ஆர்டர் ஆஃப் மெரிட். அரண்மனைக்கு அவர் போகவில்லை. அதிகாரி ஒருவர் பிராட்ஸ்டோனுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். இதைப் பற்றிய மிக நல்ல கடிதம் பிள்ளைகளுக்கு எழுதியதல்ல, நெடுநாள் தோழி திருமதி ஃபிஷருக்கு எழுதியது. இன்னும் இரண்டு வந்துவிட்டதே, கொடுமை இல்லையா என்று ஆரம்பித்து, நிலத்தைப் பொதுவுடைமையாக்கச் சொல்லும் சோசலிஸ்டான, ராணுவத்தை எதிர்க்கும் தனக்கு இந்த மரியாதை ஏன் என்று விளங்கவே இல்லை என்கிறார். பெறுநர் பட்டியலில் குடும்பத்தாரை மட்டும் வைத்துச் சுருக்கினால் இது கண்ணில் படாது. ஃபிஷரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அராபெல்லா பக்லி என்ற பிறந்த வீட்டுப் பெயரிலும் தேடுங்கள். 1881-இல் வாலஸுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் கிடைக்க டார்வினோடு சேர்ந்து முயன்றவர் அவர். அந்தத் தொகைதான் நிலையான வரவு என்று தெரிந்தால், பிற்காலக் கடிதங்களில் பதிப்பாளர் தரும் பணத்தைப் பற்றிய கணக்கு ஏன் இவ்வளவு வருகிறது என்பதும் புரியும்.

தமிழில் பெயர்த்து வெளியிடும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். மார்ச்சண்டின் புத்தகத்தில் அச்சானதை எடுத்தாள்வதில் சிக்கல் இல்லை. அச்சேறாமல் கிடந்து இணையத்தில் முதன்முறை வந்த கடிதங்கள் அப்படியல்ல. பிரிட்டன் சட்டப்படி அந்த வகைக்கு 2039 முடியும்வரை காப்புரிமை நீள்கிறது, உரிமை வாலஸின் இலக்கிய வாரிசுகளிடம் இருக்கிறது. எனவே பெயர்க்கத் தொடங்குமுன், கடிதத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு மார்ச்சண்டில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தாலும் அச்சில் வந்த வரிகளோடு நின்றுகொள்ளுங்கள். வெட்டுப்பட்டுப் போன வரிகளுக்கு அனுமதி தனியாகக் கேட்க வேண்டும்.