கும்கி கேட்க வேண்டும்: காரிலும் வீட்டிலும் ஏழு வருடங்கள்

புதிய ஸ்பீக்கர் எதுவானாலும் நான் முதலில் போட்டுக் கேட்பது மிருதங்கத் தனியாவர்த்தனம்தான். வலப்பக்கமான வலந்தலையின் சொற்களை மலிவான ஸ்பீக்கர்கூட ஓரளவு தந்துவிடும். இடப்பக்கமான தொப்பியில் உள்ளங்கை அழுந்தி வழுக்கும்போது எழும் கும்கி என்ற தாழ்ந்த நாதத்தில்தான் சாயம் வெளுக்கும். பல ஸ்பீக்கர்களில் அது வெறும் 'தொம்' என்று முடிந்துபோகும்.

என் கார் 2015ஆம் ஆண்டு வாங்கிய பெரோடுவா மைவி. ஏழு வருடங்களுக்கு முன் முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கர்களும் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தினேன். ஆயிரத்து நானூறு ரிங்கிட் செலவழித்தும் கும்கி வரவில்லை. பொருத்திய கடையில் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் வாங்கச் சொன்னார்கள். கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும், கார் வயரிங் தெரிந்த அண்ணன் ஒருவர் கதவை விரலால் தட்டிக் காட்டினார். "தகர டப்பா மாதிரி ஒலிக்கிறதே தம்பி, இதில் எதை வைத்தால் என்ன?" என்றார்.

காரணம் எளிது. ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும் காற்றுக்கு நேர் எதிரான அலை அதன் பின்னாலிருந்து கிளம்புகிறது. கதவின் உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகள் வழியே இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் சாவது தாழ்ந்த ஒலிகள்தான். ஓட்டைகளை அடைத்து, தகட்டின் அதிர்வையும் அடக்கினால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கராகிவிடுகிறது.

இதில் ஒரு தவறு செய்தேன். விலை குறைவு என்று தார் கலந்த தகடுகளை வாங்கி ஒட்டினேன். வெயிலில் நிறுத்திய மூன்றாவது வாரமே தார் இளகி வழிந்து, காருக்குள் உட்கார முடியாத நாற்றம். அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் தகடுகளை ஒட்டினேன். இன்றுவரை ஓர் ஓரம்கூடப் பெயரவில்லை. கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். இங்கே பெய்கிற மழைக்குக் கதவுக்குள் தண்ணீர் தேங்கினால் துரு நிச்சயம்.

அன்று மாலை அதே மிருதங்க ஒலிப்பதிவைப் போட்டேன். தொப்பியில் உள்ளங்கை அழுந்துவது கேட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டேன்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி மட்டும் சில மாதங்கள் வதைத்தது. மின்கம்பியையும் சிக்னல் கம்பியையும் ஒரே பக்கமாக இழுத்திருந்தார்கள். எர்த் கம்பியைப் பெயிண்டின் மேலேயே முறுக்கியிருந்தார்கள். கம்பிகளை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து, பெயிண்டைச் சுரண்டி வெற்று இரும்பில் எர்த்தை இறுக்கினேன். கீச்சொலி நின்றது.

வீட்டில் தொல்லை நேர்மாறானது. அங்கே தாழ்ந்த ஒலி அளவுக்கு மீறியிருந்தது. பின்புறம் துளையுள்ள ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். அரை மீட்டர் முன்னால் இழுத்து, மொசைக் தரையில் ஒரு கம்பளம் விரித்ததும் அறை தெளிந்தது. அம்மாவுக்குச் செய்தி வாசிப்பவரின் சொற்கள் இப்போது புரிகின்றன. அந்த வீட்டில் நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒலி தலைக்கு மேலிருந்தும் வருவதுபோல் கேட்கச் செய்யும் டால்பி அட்மாஸுக்காகப் புதிய டிவி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையவழிப் படங்களின் அட்மாஸ் பெரும்பாலும் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில்தான் வருகிறது. அதற்குப் பல பழைய டிவிகளில் உள்ள, ஒலியை எச்டிஎம்ஐ கம்பி வழியே ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஏஆர்சி இணைப்பே போதும். புளூ-ரே வட்டுகளின், தரம் இழக்காத ட்ரூஎச்டி ஒலியை டிவி வழியாக அனுப்பத்தான் அதன் புதிய வடிவமான இ-ஏஆர்சி தேவை. என்னிடம் வட்டுகள் இல்லை; பழைய டிவியே ஓடுகிறது. இடிமழை வந்தால் பிளக்கோடு ஆன்டெனா கம்பியையும் பிடுங்கிவிடுவேன். மின்னலின் அதிர்ச்சி அந்த வழியாகவும் நுழையும்.

காரில் கூரை மட்டும் மிச்சம். மழை கொட்டும்போது அந்த மெல்லிய தகட்டின் இரைச்சலில் தம்பூரா காணாமல் போகிறது. அதற்கும் பியூட்டைல் தகடுகள் வாங்கி வைத்துவிட்டேன். தீபாவளி விடுமுறையில் உட்கூரையைக் கழற்றப் போகிறேன்.