நரம்பு வலிக்குப் பெயர் தெரியாத மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள்

தண்டுவடத்தில் அடிபட்டு, அதற்கப்புறம் வந்த நரம்பு வலியோடு இருப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த வலிக்குச் சில மனச்சோர்வு மாத்திரைகளையும் கொடுப்பார்கள். அவை கெட்டவை என்று சொல்ல வரவில்லை, இப்போதும் அந்த வகை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் இரவில் தூங்குகிறேன். கொடுப்பது என்ன மாத்திரை என்றே சொல்லாமல், என் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் அதை அள்ளிக் கொடுத்த இடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எனக்கு அடிபட்டது டி4 மட்டத்தில், அதாவது மேல் முதுகில், நெஞ்சு உயரத்தில். தண்டுவடம் முழுசாகத் துண்டாகவில்லை, காலில் கொஞ்சம் உணர்வு உண்டு, அடிவயிற்றைத் தட்டினால் சிறுநீர் தானாகவே போய்விடும். வலி இடுப்புக்குக் கீழே. நாள் முழுக்க எரிச்சல், நடுநடுவே ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு, போர்வை பாதத்தில் உரசினாலே உயிர் போகும். சாதாரண வலி மாத்திரைகள் இதற்குக் கேட்பதில்லை, ஏனென்றால் காலில் புண் எதுவும் இல்லை, கோளாறு செய்தியைக் கொண்டுபோகும் கம்பியிலேயே இருக்கிறது.

நரம்பு வலிக்கென்றே தனி கிளினிக் என்று விளம்பரம் பார்த்துப் போனோம். முழுச் சிகிச்சைக்கும் முதலிலேயே பணம் கட்ட வேண்டும் என்றார்கள், கட்டினோம். டாக்டர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. வீல்சேரைப் பார்த்தார், வலி எங்கே என்று கேட்டார், "நரம்பு வீக்னஸ்தான், சரி பண்ணிடலாம்" என்றார். ஏற்கெனவே டிரமடால் என்ற வலி மாத்திரை போடுகிறேன் என்று நானாகச் சொன்னதற்கு, "அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது" என்று பதில். சிறுநீர் எப்படிப் போகிறது, மலம் எப்படிப் போகிறது, பிரஷர் எவ்வளவு, இதயத்தில் எதுவும் பிரச்சினை உண்டா, ஒன்றுமே கேட்கவில்லை. கவுன்ட்டரில் அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, பெயர் தெரியாதபடி சின்னக் கவர்களில் போட்டு, மேலே 'காலை' 'இரவு' என்று பேனாவில் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துச்சீட்டு கேட்டதற்கு, எங்கள் மருந்து வெளியே கிடைக்காது சார், சீட்டு எதற்கு என்றார் அங்கே இருந்த பெண்.

முதலில் நல்ல தூக்கம் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்புறம் வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது, உட்கார வைத்தால் கண் இருட்டியது, வயிறு கல்லாகிவிட்டது. கிளினிக்குக்குப் போன் செய்தால் "மருந்து வேலை செய்யுது, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் விடிகாலையில் எவ்வளவு தட்டியும் சிறுநீர் இறங்கவில்லை. தலை வெடிக்கிற மாதிரி இடி. முகமும் கழுத்தும் சிவந்து வேர்வை ஊற்றியது, நெஞ்சுக்குக் கீழேயோ சில்லென்று இருந்தது, கை மயிர் எல்லாம் குத்திட்டு நின்றது. மறுவாழ்வுப் பயிற்சியில் இதைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருந்ததால் மனைவிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "படுக்காதீங்க, நிமிர்ந்து உக்காருங்க" என்று தூக்கி உட்கார வைத்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, பிரஷர் பார்த்தாள். 168. எனக்கு எப்போதும் மேல் அளவு 100-ஐத் தொட்டாலே அதிகம்.

அவசரப் பிரிவில் இருந்தவர் "168 தானே, பயப்படாதீங்க" என்றார். டி6-க்கு மேலே அடிபட்டவர்களுக்கு இது 'தானே' இல்லை. கீழே சிறுநீர்ப்பையோ குடலோ நிரம்பி முட்டினால் அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது, ஆனால் காயத்துக்குக் கீழே உள்ள இரத்தக் குழாய்கள் எல்லாம் ஒரேயடியாக இறுகிவிடும், பிரஷர் ஏறிக்கொண்டே போகும். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று பெயர். வழக்கமான அளவிலிருந்து 20, 40 ஏறினாலே ஆபத்து, அப்படியே விட்டால் வலிப்பு வரலாம், பக்கவாதம் வரலாம். மனைவி சண்டை போட்டு, சிறுநீரை வெளியே எடுக்கும் டியூப் வைக்கச் சொன்னாள். சிறுநீர் வந்து டியூபில் மாட்டிய பை நிரம்ப நிரம்ப, பிரஷர் கண்ணெதிரே இறங்கியது.

கவரில் இருந்த அட்டைத் துண்டுகளில் ஓரத்தில் மிச்சமிருந்த எழுத்துகளை வைத்து அங்கிருந்த மருந்தாளர்தான் கண்டுபிடித்தார். 'எங்கள் மருந்து' என்றார்களே, காலையில் டுலாக்ஸெடின் 60 மி.கி., இரவில் அமிட்ரிப்டிலின் 50 மி.கி. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் சாதாரண மனச்சோர்வு மாத்திரைகள்!

மனச்சோர்வு மாத்திரையை வலிக்குக் கொடுத்தது தப்பில்லை. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி வந்து வலியை அமுக்கும் பாதைகளுக்கு நார்அட்ரினலின், செரட்டோனின் என்ற நரம்புச் செய்தி ரசாயனங்கள் வேண்டும், இந்த மருந்துகள் அவற்றைக் கூட்டுகின்றன. அதனால் மனச்சோர்வு இல்லாதவருக்கும் கேட்கலாம். உங்கள் வலி மனசில்தான் என்று இதற்கு அர்த்தமே இல்லை, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் தண்டுவட வலிக்கு இவை கைகண்ட மருந்தும் இல்லை. 2002-இல் 84 பேரிடம் அமிட்ரிப்டிலினைச் சோதித்தபோது ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, வலிக்கு மருந்தல்லாத மாத்திரையைவிடப் பெரிதாகக் கேட்கவில்லை. 2007-இல் 38 பேரோடு தொடங்கிய இன்னொரு சோதனையில், கூடவே மனச்சோர்வும் அதிகம் இருந்தவர்களுக்கு அமிட்ரிப்டிலின், காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தைவிட நன்றாகக் கேட்டது. ஆக, போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, அங்கேதான் எனக்கு எரிச்சல். அமிட்ரிப்டிலினை வலிக்கு இரவில் 10 மி.கி. அல்லது 25 மி.கி.யில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். டுலாக்ஸெடினையும் பெரும்பாலும் 30-இல் தொடங்கிவிட்டு 60-க்குப் போவார்கள். எனக்கு எடுத்த எடுப்பிலேயே 50-உம் 60-உம். அதிலும், அமிட்ரிப்டிலினை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியை டுலாக்ஸெடின் தடுக்கும், அதனால் விழுங்கிய 50 மி.கி. இரத்தத்தில் 50 மி.கி. மாதிரி நடந்துகொள்ளாது. அமிட்ரிப்டிலினுக்கு சிறுநீரைத் தேக்குவது, மலத்தைக் கட்டுவது, உட்காரும்போது பிரஷரை இறக்குவது எல்லாம் தெரிந்த பக்க விளைவுகள். நம் ஆட்களுக்கு இவை மூன்றும் ஏற்கெனவே இருக்கும் தொல்லைகள்தானே! இதற்கு மேல் டிரமடால் வேறு. இவை சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறி ஏறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம், வலிப்பு வரும் வாய்ப்பும் கூடும். நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே விஷயமே டிரமடால்தான்.

இவ்வளவுக்கும் பிறகு கிளினிக்கைக் கூப்பிட்டால் "அப்போ எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்திடுங்க" என்று வைத்துவிட்டார்கள். அமிட்ரிப்டிலினை மருத்துவமனையிலேயே நிறுத்தியிருந்தார்கள், அது வேறு விஷயம். டுலாக்ஸெடினை ஒரே நாளில் விட்டதால் தலைசுற்றல், குமட்டல், தலையைத் திருப்பினால் உள்ளே சுர்ரென்று மின்சாரம் ஓடுவது போல, கூடவே யாரைப் பார்த்தாலும் எரிந்து விழும் கோபம். படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும் என்று அடுத்து பார்த்த மறுவாழ்வு மருத்துவர் சொன்னார்.

அவர் முதலில் கேட்டது சிறுநீரைப் பற்றி. புதிதாக எங்காவது மரத்துப்போகிறதா என்றும் கேட்டார், ஏனென்றால் வலி திடீரென்று கூடினால் தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி வளர்ந்திருக்கலாம், அல்லது படுக்கைப் புண்ணோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம், அதைப் பார்க்காமல் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. ப்ரிகாபாலின் என்ற நரம்பு வலி மருந்தில் தொடங்கினார், டிரமடாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அப்புறம் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு இரவில் நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. அதுவும் அமிட்ரிப்டிலின் வகைதான், சிறுநீரை அவ்வளவாகக் கட்டாது. வலி போய்விடவில்லை. பத்துக்கு எட்டு இருந்தது ஐந்தில் நிற்கிறது, போர்வை போர்த்திக்கொள்ள முடிகிறது.

கிளினிக்கிடம் என்ன கொடுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. மீதிப் பணமும் வரவில்லை. உங்களிடமும் இந்த மாதிரிக் கவர்கள் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். மிச்சம் இருக்கும் மாத்திரைகளோடு, வேறு என்னென்ன போடுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு உடனே ஒரு மருந்தாளரிடமோ உங்கள் தண்டுவட மருத்துவரிடமோ காட்டுங்கள். சிறுநீர் நின்று தலைவலியும் வேர்வையும் வந்தால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நிமிர்ந்து உட்கார்ந்து, டியூப் போடத் தெரிந்தால் போட்டுவிட்டு, நேரே அவசரப் பிரிவுக்குப் போய் உங்கள் வழக்கமான பிரஷர் எவ்வளவு என்பதை முதலில் சொல்லுங்கள்.