பனிமலைக் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டி டைவிங் கண்ணாடி என்று விற்றார்கள்: பாசி எடுக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

போன மார்கழியில் ராம்நாட்டில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் 6,780 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். என் பணமாக இருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். அம்மாவும் அம்மாவோடு ஒரே வள்ளத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் ஐந்து பேரும் சேர்ந்து போட்ட காசு அது. "நீ படிச்ச புள்ள, பாத்து வாங்கிட்டு வா" என்று என் கையில் கொடுத்தார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனமில்லை, இதே டப்பாவை வேறு கடைகளிலும் பார்த்துவிட்டேன்.

பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் எங்கள் பெண்கள் தென்கடலில் இறங்குவார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசியைப் பாறையிலிருந்து கையால் பிய்த்து எடுக்க வேண்டும். விரலுக்குத் துணி சுற்றிக்கொள்வார்கள், காலுக்குச் செருப்பு, இடுப்பில் பை, கண்ணுக்குக் கண்ணாடி. இதில் கண்ணாடி மங்கினால் மற்றது எல்லாம் இருந்தும் பயனில்லை. பாறையின் கூர்முனை எங்கே, திருக்கை எங்கே படுத்திருக்கிறது, சொறி என்கிற ஜெல்லி மீன் வருகிறதா, எதுவும் தெரியாது. அம்மாவின் பழைய நீச்சல் கண்ணாடி இரண்டு முங்குக்கு ஒருமுறை ஆவி பூத்துவிடும். மேலே வந்து, கழற்றி, எச்சில் துப்பித் தேய்த்து, அலசி, மறுபடி மாட்ட வேண்டும். மார்கழி, தையில் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும்போது இன்னும் மோசம். ஒரு நாளில் பாதி நேரம் கண்ணாடி துடைப்பதிலேயே போகிறது என்பார் அம்மா.

அதனால்தான் ஆவி பூக்காத கண்ணாடி தேடி பஸ் ஏறினேன்.

கடைக்காரர் நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். "டைவிங் கண்ணாடியா? இந்தா இருக்கும்மா, இம்போர்ட்டட். டபுள் கண்ணாடி, ஆவியே வராது" என்று ஒரு பெரிய கண்ணாடியை எடுத்து வைத்தார். டப்பா மேலே 'டைவிங் கண்ணாடி' என்று ஸ்டிக்கர். வாயைக் குவித்து உள்பக்கம் ஊதிக் காட்டினார். பக்கத்தில் வேறொரு சாதாரண நீச்சல் கண்ணாடியை வைத்து அதிலும் ஊதினார். அது வெள்ளையாக மங்கியது, இது பளிச்சென்று இருந்தது. அந்த வித்தை பொய்யில்லை, நிஜமாகவே மங்கவில்லை. நான் விழுந்தது அங்கேதான்.

இப்போது நினைத்தால் எனக்கே வெட்கம். முகத்தில் படுகிற இடத்தில் ரப்பருக்குப் பதில் பஞ்சு. மேலேயும் கீழேயும் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். "அண்ணே, ஓட்டை இருக்கே, தண்ணி வராதா?" என்று கேட்டேன். "அது காத்து போறதுக்கும்மா. உள்ள பில்டர் இருக்கு, தண்ணி வராது" என்றார். நம்பினேன். ஒன்று 950 ரூபாய். கூடவே ஆவி வராமல் இருக்க ஒரு தெளிப்பு மருந்து, சின்ன பாட்டில் 180 ரூபாய். பாட்டிலில் பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை. "அடிச்சிட்டு அப்படியே மாட்டிக்கச் சொல்லுங்க, கழுவக் கூடாது" என்றார். ஆறு கண்ணாடி, ஆறு பாட்டில். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் 'கண்ணாடி 6, மருந்து 6' என்று கிறுக்கிக் கொடுத்தார். பணத்தை போனில் அனுப்பினேன். அது கடைப் பெயருக்குப் போகவில்லை, யாரோ ஒரு ஆள் பெயருக்குப் போனது. அதையும் அப்போது பார்க்கவில்லை.

அடுத்த அமாவாசைத் தவணையில் முதல் நாளே எல்லாரும் புதுக் கண்ணாடியோடு இறங்கினார்கள். பத்து மணிக்குள் வள்ளம் திரும்பி வந்துவிட்டது. வழக்கமாக மதியம் தாண்டும். கரையில் நின்ற எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முங்கிய அந்த நொடியே ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே நிறைந்துவிட்டதாம். பஞ்சு கடல்தண்ணீரைக் குடித்து ஊறிப் பாரமாகி மூக்கில் இறங்கிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. உள்ளே அடித்திருந்த மருந்து அந்தத் தண்ணீரோடு கலந்து நேராகக் கண்ணில். ஆறு பேருக்கும் எரிச்சல். எங்கள் மதினிக்கு மட்டும் கண்ணைத் திறக்கவே முடியவில்லை, மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்துவிட்டது. டாக்டர் வெகுநேரம் கண்ணைக் கழுவிவிட்டு, சொட்டு மருந்து கொடுத்து, மூன்று நாள் கடலில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆறு நாள் தவணையில் மூன்று நாள் போனால் மாதச் சம்பாத்தியத்தில் கால்வாசி போச்சு. மதினி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் நனைந்த டப்பாவை வெயிலில் காயப்போட்டபோது ஸ்டிக்கர் தானாகவே உரிந்துகொண்டு வந்தது. அடியில் ஒரு படம். ஒரு ஆள் காலில் நீளப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு வெள்ளை மலைச்சரிவில் சறுக்கி வருகிறான், முகத்தில் அதே கண்ணாடி. சின்னம்மா பார்த்துவிட்டு, "இவன் எந்தக் கடல்ல பாசி எடுக்கான்?" என்றார். அவமானத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறார், காஷ்மீரில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தார். பார்த்த உடனே சொல்லிவிட்டார். "இது குல்மார்க்ல பனிச்சறுக்கு விளையாடுறவங்க போடுறது தங்கச்சி. தண்ணிக்கு இல்ல." அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் கடைக்காரரின் வித்தை புரிந்தது. பனிமலையில் வெளியே உறைகிற குளிர், உள்ளே முகத்தின் சூடும் வேர்வையும். ஒற்றைக் கண்ணாடி என்றால் உள்பக்கம் உடனே ஆவி படியும். அதனால் நடுவில் காற்று விட்டு இரண்டு கண்ணாடி வைக்கிறார்கள். உள்கண்ணாடி அவ்வளவு குளிராது. உள்ளே சேரும் ஈரக்காற்று வெளியேறத்தான் அந்த ஓட்டைகளும் பஞ்சும். உள்பக்கத்தில் ஒரு பூச்சு வேறு உண்டு. ஈரம் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய ஏடாகப் பரவிவிடும், அதனால் பார்வை மறையாது. அங்கேயும் சில விஷயம் உண்டாம். உள்பக்கத்தை ஈரத்தோடு துடைத்தால் பூச்சு போய்விடும். நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்தால் தலைச்சூட்டில் ஆவி பிடிக்கும். ஆக, சாமான் நல்ல சாமான்தான். அதைக் கடலுக்கு என்று விற்றதுதான் அயோக்கியத்தனம்.

மறுநாளே கடைக்குப் போனேன். "கண்ணாடி உடஞ்சிருக்கா? இல்லையே. அப்புறம் என்னம்மா?" என்றார். உரிந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். "அது மொத்த வியாபாரி ஒட்டினது" என்றார். துண்டுச் சீட்டைக் காட்டினால், "இதுல டைவிங்னு எங்க எழுதியிருக்கு?" கடைசியில் பெரிய மனசு பண்ணி, "பணம் வராது, வேணும்னா ரெண்டு ஷட்டில் பேட் எடுத்துக்கோ" என்றார். பாசி எடுக்கிற பொம்பளைக்கு ஷட்டில் பேட்!

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். பில், பணம் அனுப்பிய ஆதாரம், டப்பாவின் படம் கேட்டார்கள். பில் இல்லாததுதான் இடிக்கிறது. நல்ல வேளையாகப் போனில் பணம் போன விவரமும், ஸ்டிக்கர் உரிவதற்கு முன் அம்மாவுக்கு அனுப்பிய டப்பா படமும் இருந்தன. இங்கே சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. வெளிநாட்டுச் சாமான் டப்பாவில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் டப்பாவில் விலையைத் தவிர ஒன்றும் இல்லை. வாங்கும்போது அதை மட்டும் திருப்பிப் பார்த்திருந்தாலே போதும்.

பிறகு தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகும் உறவுக்காரர் ஒருவரிடம் கேட்டு, இப்போதைக்கு இரண்டு டைவிங் மாஸ்க் மட்டும் வாங்கினோம். அவர் சொன்னதும் நாங்கள் பட்டதும் சேர்த்துச் சொல்கிறேன். மூக்கையும் மூடுகிற மாஸ்காக இருக்க வேண்டும். பத்தடி ஆழத்திலேயே அழுத்தம் மேலே இருப்பதைப் போல 1.3 மடங்கு. மூக்கு வெளியே இருக்கிற நீச்சல் கண்ணாடி கண்ணைச் சுற்றிக் கவ்வி இழுக்கும், அம்மாவின் கண்ணைச் சுற்றி எப்போதும் இருந்த வளையம் அதுதான். மாஸ்க் என்றால் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டால் இழுப்பு விட்டுவிடும். ஓரம் மெத்தென்ற சிலிக்கான், கண்ணாடி பிளாஸ்டிக் இல்லாமல் டெம்பர்டு கண்ணாடி. கடையிலேயே வாரை மாட்டாமல் முகத்தில் அழுத்தி, மூக்கால் மூச்சை இழுத்துக் கையை விடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த முகத்துக்கு அது சரி. எனக்குச் சரியாக இருந்தது அம்மாவுக்கு நிற்கவில்லை, அதனால் போடுகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

புது மாஸ்க் முதலில் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆவி பூக்கும், மறுபடி ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். தயாரிக்கும்போது படிந்த எண்ணெய் மாதிரியான ஏடு கண்ணாடியில் இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை, ஜெல் வேண்டாம், விரலால் உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்களுக்கு நான்கு முறை ஆனது. லைட்டர் நெருப்பைக் காட்டு என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம், பிளாஸ்டிக்கோ சிலிக்கானோ போய்விடும். பிளாஸ்டிக் நீச்சல் கண்ணாடியில் பற்பசையும் கூடாது, கீறல் விழும். அதில் ஏற்கெனவே பூச்சு இருந்தால் தேய்க்கவே கூடாது.

அதற்குப் பிறகு தினமும் எச்சிலே போதும். உறவுக்காரர் அதைச் சொன்னபோது அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் காய்ந்த கண்ணாடியில் தேய்க்க வேண்டும், லேசாக ஒரு அலசல் மட்டும். அம்மா இத்தனை வருஷமும் துப்பிவிட்டு நன்றாகக் கழுவி, எச்சில் படிந்த ஏட்டையும் சேர்த்துக் கழுவிவிட்டார். எச்சில் பிடிக்காதவர்கள் குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து தடவி அலசலாம், கண் எரியாது. சீயக்காய் வேண்டாம், மதினி கண்ணுக்கு வந்த நிலைமைதான் வரும். முகத்தைத் தண்ணீரில் நனைத்துக் குளிரவைத்துவிட்டு மாட்ட வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கினால் அது வழிந்து கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். எங்கள் வள்ளத்தில் இப்போது பாசி நாளில் யாரும் எண்ணெய் வைப்பதில்லை. அப்படியும் மங்கினால் மாஸ்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தலையைச் சாய்த்துக் கண்ணாடியில் ஓடவிட்டு வெளியேற்றிவிடலாம்.

ஆறு பனிமலைக் கண்ணாடியும் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன, புகாருக்காக வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் தம்பி எடுத்துக்கொண்டான். கச்சான் காற்றில் தனுஷ்கோடி ரோட்டில் பைக் ஓட்டினால் மணல் முகத்தில் அறையும். அதற்கு அருமையாக இருக்கிறதாம். ஆவியே பூக்கவில்லையாம்.