சட்டப் பள்ளிக் கட்டண விலக்கு வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணமும் கடவுச்சொல்லும் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவில் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் உள்ள, வருமானம் குறைந்த தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். விண்ணப்பச் செலவிலிருந்து விலக்கு வாங்கித் தருவதாகச் சொல்லி ஓர் ஆலோசகர் எங்கள் குடும்பத்திடம் பணம் பெற்றார். அந்த விலக்கைக் கேட்பதற்கு ஒரு காசும் செலவாகாது என்பதை அவர் சொல்லவில்லை. பணம் போனது ஒருபுறமிருக்க, என் தம்பி நாளைக்கு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாமல் செய்திருக்கக்கூடிய ஒரு பொய்யை அவன் பெயரிலேயே எழுதி அனுப்பினார். இதே ஆலோசகர் இன்னும் பல வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று அறிவதால்தான் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் பெற்றோர் நியூயார்க்கின் குவீன்ஸில் வாழ்கிறார்கள். அப்பாவுக்கு உணவகச் சமையலறையில் வேலை. அம்மா துணி தைக்கும் கடையில் வேலை செய்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 48,000 டாலர். அந்த வீட்டில் அவர்களோடு தம்பியும் பள்ளியில் படிக்கும் தங்கையும் இருக்கிறார்கள். எல்லோரிடமும் கிரீன் கார்டு உள்ளது. தம்பி அரசுக் கல்லூரியில் படித்து முடிக்கும் தறுவாயில், 2024 கோடையில், சட்டப் பள்ளிக்கு விண்ணப்பிக்க ஆயத்தமானான்.

சட்டப் பள்ளி விண்ணப்பம் எவ்வளவு செலவு பிடிக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் எல்சாக் எனப்படும் சட்டப் பள்ளிச் சேர்க்கை மன்றத்தின் வழியாகவே போகின்றன. பென்சில்வேனியாவின் நியூடவுனில் தலைமையகம் கொண்ட அந்த அமைப்புத்தான் சட்டப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வாகிய எல்சாட் தேர்வையும் நடத்துகிறது. 2024-25 சேர்க்கை ஆண்டில் தேர்வுக்கு 238 டாலர், மதிப்பெண் சான்றுகளையும் பரிந்துரைக் கடிதங்களையும் ஒன்றுசேர்த்து வைக்கும் சி.ஏ.எஸ். சேவைக்கு 207 டாலர், அந்தத் தொகுப்பை ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்ப 45 டாலர். இவை போக, ஒவ்வொரு பள்ளியும் தனக்கென்று ஒரு விண்ணப்பக் கட்டணம் வைத்திருக்கலாம். 85 டாலர் கேட்கும் பள்ளிகளும் உண்டு. ஆறு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தால், பள்ளிகளின் கட்டணத்தைச் சேர்க்காமலே 715 டாலர் ஆகிறது. மாத வாடகை கட்டவே மூச்சுத் திணறும் வீட்டில் இந்தத் தொகையை எப்படிப் புரட்டுவது என்று எல்லோரும் கவலையில் இருந்தபோதுதான், கோயில் விழா ஒன்றில் அறிமுகமான அந்த ஆலோசகர் வீட்டுக்கு வந்தார்.

நம்மவர், நன்றாகப் பேசுபவர், பல பிள்ளைகளைச் சேர்த்துவிட்டதாகச் சொல்பவர். அப்பா அவரைத் 'தம்பி' என்றும், நானும் தம்பியும் 'அண்ணா' என்றும் அழைத்தோம். "ஐயா, நாலு பேர் குடும்பத்துக்கு அரசாங்கம் போட்டிருக்கிற வறுமைக் கோடு 31,200 டாலர்தான். உங்களுக்கு 48,000 வருகிறது. நேராகக் கேட்டால் விலக்குக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு வழி தெரியும், என்னிடம் விடுங்கள்" என்றார். இதற்கு 300 டாலர் கேட்டார். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் ஜெல் (Zelle) சேவை வழியாகவே அனுப்பச் சொன்னார். தேர்வுக்கும் சி.ஏ.எஸ். சேவைக்கும் உடனே பணம் கட்டிப் பதிவு செய்துவிட வேண்டும், விலக்கு அனுமதியானதும் அந்த 445 டாலரும் திரும்பி வரும் என்று உறுதி கூறினார். வேலையைத் தாமே முடிப்பதற்காகத் தம்பியின் எல்சாக் கணக்கின் கடவுச்சொல், பெற்றோரின் வரிப் படிவங்கள், சோஷியல் செக்யூரிட்டி எண்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னவற்றுள் 31,200 என்ற எண் மட்டுமே உண்மை. அது 2024ஆம் ஆண்டுக்கு நான்கு பேர் குடும்பத்துக்கு மத்திய அரசு வெளியிட்ட வறுமை அளவு. ஆனால் எல்சாக் அந்த அளவோடு நின்றுவிடுவதில்லை. அதன் மடங்குகளாக எல்லைகளை வகுத்து, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பார்த்து, இரண்டு நிலைகளில் விலக்கு அளிக்கிறது. ஆகவே வறுமைக் கோட்டுக்கு மேலே சம்பாதிக்கும் எத்தனையோ உழைக்கும் குடும்பங்கள், உள்ளதை உள்ளபடி எழுதியே தகுதி பெறுகின்றன. எங்கள் பெற்றோரின் 48,000 டாலரும் அப்படித் தகுதி பெறும் வருமானம்தான். தகுதி இல்லை என்று பயமுறுத்தினால்தான் தம்முடைய 'வழி'க்கு விலை இருக்கும் என்பதால், இருந்த தகுதியை இல்லை என்று சொல்லி, தேவையே இல்லாத ஒரு பொய்க்கு அவர் இடம் உண்டாக்கினார்.

முதல் நிலை விலக்குப் பெறுபவர் இரண்டு முறை எல்சாட் எழுதலாம், சி.ஏ.எஸ். சேவையும் ஆறு பள்ளிகளுக்குத் தொகுப்பு அனுப்புவதும் கட்டணமின்றிக் கிடைக்கும். இரண்டாம் நிலையில் ஒரு தேர்வு, சி.ஏ.எஸ். சேவை, மூன்று பள்ளிகளுக்கான தொகுப்பு. இரண்டு நிலையினருக்கும் பழைய வினாத்தாள்களைக் கொண்டு பயிற்சி செய்யும் லாஹப் தளத்தின் கட்டணச் சந்தா ஓராண்டுக்குத் தரப்படுகிறது. அனுமதி கிடைத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் இந்த விலக்கு செல்லும். இதற்கான விண்ணப்பம் மாணவரின் எல்சாக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. வருமான விவரங்களை நிரப்பி, வரிப் படிவம் 1040, சம்பளச் சான்றான டபிள்யூ-2 போன்றவற்றைக் கேட்கும்போது பதிவேற்றினால் போதும். வரிப் படிவத்தின் நகல் கையில் இல்லையென்றால் வருமான வரித் துறையின் இணையதளத்தில் அதன் விவரப் பிரதியை இலவசமாகவே எடுக்கலாம். குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை போன்ற நிலையையும் பார்ப்பார்கள் என்பதால், விசாவில் இருக்கும் குடும்பங்கள் முதலில் அந்த விதியைப் படித்துக்கொள்வது நல்லது.

எல்லோரும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய விதி இன்னொன்று உண்டு. விலக்கு அனுமதியாவதற்கு முன்பு கட்டிய பணத்தை எல்சாக் திருப்பித் தராது. முதலில் விலக்குக் கேட்டு, அனுமதி வந்த பிறகே தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டும். தேர்வுப் பதிவு பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், விலக்கு விண்ணப்பத்தை அதற்கும் நன்றாக முன்னதாக அனுப்பியாக வேண்டும். "கட்டுங்கள், பிறகு திரும்பி வரும்" என்று யார் சொன்னாலும் அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே பொய் சொல்கிறார். எங்கள் 445 டாலர் அப்படித்தான் போயிற்று.

அடுத்து நடந்தது இதைவிடக் கொடியது. விலக்கு மறுக்கப்பட்டதாக ஆலோசகர் ஒரு வரியில் செய்தி அனுப்பினார். காரணம் கேட்டால் "இந்த வருஷம் கெடுபிடி அதிகம், தங்கச்சி" என்றார். தம்பி தன் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி உள்ளே சென்று பார்த்தபோதுதான், அனுப்பப்பட்ட விண்ணப்பத்தை முதன்முறையாக நாங்கள் கண்டோம். அதில் தம்பி தனியாக வாழ்பவன் என்றும், பெற்றோரிடமிருந்து எந்த ஆதரவும் பெறாதவன் என்றும், குடும்பத்தில் அவன் ஒருவனே என்றும் எழுதப்பட்டிருந்தது. பெற்றோரின் வருமானம் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அதே விண்ணப்பத்தோடு இணைத்திருந்த தம்பியின் பகுதிநேர வேலைக்கான வரிப் படிவத்தில், வேறொருவர் இவரைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டலாம் என்ற கட்டம் குறியிடப்பட்டிருந்தது. ஒரு தாள் சொல்வதை மறுதாள் மறுத்தது.

இது வெறும் நிராகரிப்போடு முடியாமல் போயிருக்கலாம். சேர்க்கைக்கான எந்தப் படிவத்திலும் பொய்த் தகவல் தருவதை எல்சாக் முறைகேடாகக் கருதி விசாரிக்க முடியும். முறைகேடு உறுதியானால் அந்த முடிவு விண்ணப்பித்த பள்ளிகளுக்கு அனுப்பப்படும். சட்டம் படித்து, பார் தேர்விலும் தேறிய பிறகுகூட, நியூயார்க்கில் ஒருவர் வழக்கறிஞராகப் பதிவு பெற அவருடைய நடத்தையும் நேர்மையும் ஒரு குழுவால் ஆராயப்படுகின்றன. பழைய விண்ணப்பங்களில் சொன்னது அங்கே கேள்வியாக வரலாம். மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு ஆள் சேர்த்துவிட்ட பழக்கத்தில் இந்தத் துறைக்கு வந்திருக்கும் சில ஆலோசகர்களுக்கு இது புரிவதில்லை. புரிந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை, ஏனென்றால் 'இதில் உள்ளவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழியின் கீழே நிற்பது பிள்ளையின் பெயர். இருபத்திரண்டு வயதுப் பையனின் நேர்மையை 300 டாலருக்காகப் பணயம் வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தம்பியின் கல்லூரியில் சட்டப் படிப்புக்குச் செல்வோருக்கு வழிகாட்டும் ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலான கல்லூரிகளில் இப்படி ஒருவர் இருப்பார், அவருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய உதவியோடு, முதல் விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்பினார் என்பதையும், அதில் இருந்த தவறான தகவல்கள் எவை என்பதையும் மறைக்காமல் எழுதி, பெற்றோர் இருவரின் வரிப் படிவங்களையும் நான்கு பேர் என்ற சரியான குடும்ப அளவையும் சேர்த்து, மறுப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்தான். விலக்கு முதல் நிலையிலேயே அனுமதிக்கப்பட்டது. இரண்டாவது எல்சாட் தேர்வும் பள்ளிகளுக்கான தொகுப்புகளும் அதில் அடங்கிவிட்டன. ஆனால் இந்தத் தாமதத்தால் இலையுதிர் காலம் முழுவதும் வீணாயிற்று. பல சட்டப் பள்ளிகள் விண்ணப்பங்களை வந்த வரிசையிலேயே பார்த்து இடங்களையும் உதவித்தொகையையும் ஒதுக்கிக்கொண்டு போகின்றன. பிந்தி விண்ணப்பிப்பவனுக்கு மிஞ்சுவது குறைவு. அந்த இழப்பை டாலரில் கணக்கிட எனக்குத் தெரியவில்லை.

பள்ளிகளின் விண்ணப்பக் கட்டணம் என்று சொல்லி எட்டுப் பள்ளிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 75 டாலர் வீதம் 600 டாலரையும் எங்களை ஏமாற்றிய அந்த ஆலோசகர் முன்பே வாங்கியிருந்தார். அந்தப் பணத்திலிருந்து ஒரு டாலர்கூட எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. தம்பி தானே விண்ணப்பங்களை அனுப்பியபோது, அந்தப் பட்டியலில் இருந்த சில பள்ளிகள் யாரிடமும் கட்டணமே வாங்குவதில்லை என்று தெரிந்தது. வேறு சில பள்ளிகள், எல்சாக் விலக்குப் பெற்றவர் என்பதைக் கொண்டு கடைசிப் பக்கத்தில் தாமாகவே கட்டணத்தைப் பூச்சியமாகக் காட்டின. மீதியிருந்த பள்ளிகளின் சேர்க்கை அலுவலகங்களுக்கு, குடும்ப நிலையைச் சொல்லி ஒரு பத்தி அளவில் பணிவாக மின்னஞ்சல் எழுதினான். விலக்குக் குறியீடு அனுப்பினார்கள். எல்சாக் கணக்கில் சி.ஆர்.எஸ். என்ற பரிந்துரைச் சேவை உண்டு. அதில் இலவசமாகப் பெயரைச் சேர்த்துக்கொண்டால், மதிப்பெண்ணைப் பார்த்துச் சில பள்ளிகள் தாமே கட்டண விலக்கோடு அழைப்பு அனுப்பும். தம்பிக்கும் அப்படி அழைப்புகள் வந்தன. எல்சாக் விலக்குக் கிடைக்காதவர்களும் பள்ளிகளிடம் நேரடியாகக் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியின் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது அந்தந்தப் பள்ளியின் விருப்பம்.

பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டோம். 600 டாலரும் 'கோப்புத் தயாரிப்புச் செலவு' என்று ஆலோசகர் பதில் எழுதினார். எந்தக் கோப்பு என்று கேட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜெல் வழியாக நாமே அனுப்பிய பணம் என்பதால் வங்கியால் மீட்டுத் தர இயலவில்லை. கடன் அட்டையில் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவிக்கவாவது ஒரு வழி இருந்திருக்கும், அதனால்தான் இத்தகையவர்கள் அட்டையை ஏற்பதில்லை என்று நினைக்கிறேன். மத்திய வணிக ஆணையத்திடமும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்திடமும், செய்திப் பரிமாற்றங்களையும் பணம் அனுப்பிய பதிவுகளையும் இணைத்துப் புகார் செய்திருக்கிறோம்.

எங்களை இன்றும் தூங்கவிடாமல் இருப்பது அந்த வரிப் படிவங்கள் அவர் கையில் இருப்பதுதான். அம்மா, அப்பா, தம்பி, தங்கை என நால்வரின் சோஷியல் செக்யூரிட்டி எண்களும் அவற்றில் உள்ளன. எனவே ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் மதிப்பீட்டு நிறுவனங்களிலும் வேறு யாரும் அந்த எண்களைக் காட்டிக் கடன் வாங்கிவிடாதபடி நால்வரின் பெயரிலும் கடன் பதிவை முடக்கி வைத்தோம். 2018 முதல் இதற்குக் கட்டணம் கிடையாது, சிறு பிள்ளைகளின் பெயரிலும் பெற்றோர் செய்யலாம். இதேபோல் யாரிடமாவது வரிப் படிவங்களையும் கடவுச்சொல்லையும் கொடுத்திருப்பவர்கள் இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடன் பதிவை முடக்குங்கள். எல்சாக் கணக்கைத் திறந்து, உங்கள் பெயரில் என்ன எழுதி அனுப்பப்பட்டிருக்கிறது என்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பாருங்கள். தவறு ஏதும் இருந்தால், பள்ளிகளுக்கு விண்ணப்பம் போவதற்கு முன்பே எல்சாக்கிற்கு நீங்களே எழுதித் திருத்துங்கள். குவீன்ஸ் பகுதியில் இதே வகையில் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் நீங்களும் தனியாகப் புகார் பதிவு செய்யுங்கள். நாங்கள் எழுதிய புகாரின் படிவம் தேவைப்படுவோருக்கு, சொந்த விவரங்களை நீக்கி அனுப்பி வைக்கிறேன்.